கோகிலாவின் தட்டு

ஜூன் 12, திங்கள்

மூன்று நாள் பயிற்சி இன்றோடு முடிந்தது. ஆளுக்கு ஒரு நோட்டு, ஒரு பேனா, பிள்ளைகளின் கைச் சுற்றளவைப் பார்க்கிற நாடா ஒன்று கொடுத்தார்கள். "தினம் நாலு வரி எழுதுங்க. என்ன செஞ்சீங்க, யார் என்ன சொன்னாங்கன்னு. பின்னாடி புரட்டிப் பார்த்தா உங்களுக்கே ஒண்ணு புரியும்" என்றார் பயிற்சி மேடம். பத்தாவது முடித்து முப்பது வருஷமாகிறது. ஆனாலும் என் எழுத்து கோணவில்லை.

நான் மாதேவி. பனங்கொட்டாய் செங்காந்தள் மகளிர் குழுவின் ஊக்குநர். இந்த வருஷம் ஊரில் உள்ள கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள், ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள் எல்லோருடைய சாப்பாட்டையும் கவனிக்கிற பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்திருக்கிறது. ஊரில் ஆறு கர்ப்பிணிகள். என் மருமகள் கோகிலா அதில் ஒருத்தி. அவளுக்கு நாலு மாதம் முடிந்து ஐந்து நடக்கிறது.

பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னது: வீட்டில் கர்ப்பிணிதான் முதலில் சாப்பிட வேண்டும், கடைசியில் அல்ல.

வீட்டுக்கு வரும்போது மணி நாலு. கோகிலா களி கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்பு வைத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருந்தாள். எனக்கு நல்ல பசி. அவள் சாப்பிட்டாளா என்று கேட்க விட்டுப்போயிற்று. சாப்பிட்டிருப்பாள்.

ஜூன் 15, வியாழன்

பால்வாடியில் குழுக் கூட்டம். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். "வயித்துல புள்ளை இருக்கிறவ நிறையச் சாப்பிட்டா புள்ளை பெருத்துப்போயி பிரசவம் கஷ்டமாயிடும்னு சொல்றாங்களே, அது சுத்தப் பொய். தாய் சாப்பிட்டாத்தான் புள்ளைக்கு எலும்பு, ரத்தம், மூளை எல்லாம்" என்றேன். மாமியார்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். செவிலியர் சகாயமேரி சிஸ்டர் வந்திருந்தார். "மாதேவி அக்கா சொன்னா டாக்டர் சொன்ன மாதிரி" என்றார்.

கோகிலா வரவில்லை. வீட்டில் கடலை உரிக்கிற வேலை இருந்தது.

ஜூன் 24, சனி

முனிராஜ் ஓசூரிலிருந்து வந்தான். வாரம் ஆறு நாள் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை. முகம் கறுத்துப் போயிருக்கிறது. கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். அவன் அப்பா போய் ஒன்பது வருஷமாகியும் இந்த வீடு நிற்பது அவனால்தான். ஈரலையும் காலையும் அவன் தட்டில் வைத்தேன். கோகிலாவுக்குக் குழம்பு இருந்தது. அவளுக்குக் கறி அவ்வளவாகப் பிடிக்காது என்று நினைக்கிறேன்.

போன வருஷம் கம்பெனி பஸ்ஸில் பழகி, கோயிலில் தாலி கட்டி, அவளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். எங்கள் ஆட்கள் இல்லை. அவள் அப்பன் அன்றைக்கே "எனக்கு அப்படி ஒரு பொண்ணே பொறக்கல" என்று சொல்லிவிட்டானாம். நான் அப்படிச் சொல்லவில்லையே. ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டினேன். எனக்கு இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது.

ஜூன் 28, புதன்

இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்கிறாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு எல்லாமே குமட்டும்.

ஜூலை 6, வியாழன்

இன்று எடை எடுக்கும் நாள். ஊர்ப் பிள்ளைகள் முப்பத்தொரு பேருக்கும் கையில் நாடா வைத்துப் பார்த்தோம். பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து. ஒரே ஒரு சிவப்பு. செங்கல் சூளைக்குப் போகிற காவேரியின் மகள் இனியா. இரண்டு வயது, ஏழரைக் கிலோ.

பிள்ளையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினேன். "பாருங்க, இதுதான் சிவப்பு" என்றேன். காவேரியிடம், "நேரத்துக்குப் புள்ளைக்குச் சோறு ஊட்டறதைவிட உனக்கு அப்படி என்னாடி வேலை? பெத்தா மட்டும் போதுமா?" என்று கேட்டேன். அவள் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றாள்.

சிஸ்டர், "கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம் அக்கா" என்றார். உறைக்கச் சொன்னால்தான் திருந்துவார்கள்.

ஜூலை 13, வியாழன்

குழுப் பெண்கள் சேர்ந்து சத்துமாவு அரைத்தோம். முளைகட்டின கேழ்வரகு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, பாசிப்பயறு. வறுக்கிற வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. வாரத்துக்குக் கர்ப்பிணி ஒருத்திக்கு ஒரு கிலோ, கூடவே ஏழு முட்டை. காவேரியின் பிள்ளைக்கும் உண்டு. அவளே வந்து வாங்கிக்கொண்டு போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கோகிலாவின் பங்கை நானே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஜூலை 16, ஞாயிறு

முனிராஜ் மத்தியானம் பஸ் ஏறினான். மாவில் பாதியும் நாலு முட்டையும் கட்டிக் கொடுத்தேன். அங்கே ரூமில் தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிற பிள்ளை. இங்கே கோகிலாவுக்குத் தினம் களி, கீரை எல்லாம் இருக்கத்தானே செய்கிறது. கூட்டத்தில் சொல்வது ஊருக்குப் பொதுவாகச் சொல்வது. அளவாகச் சாப்பிட்டால்தான் பிரசவம் சுகமாக ஆகும். நான் இரண்டு பெற்றவள், எனக்குத் தெரியாதா.

(இரண்டு பெற்றேன். முதலில் பிறந்தது பதினோரு நாள் இருந்தது.)

ஜூலை 27, வியாழன்

அரிசி டப்பா சீக்கிரம் காலியாகிறது. கேட்டதற்குக் கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம்தான் பார்த்தேன், முந்தானையில் பச்சரிசியை முடிந்து வைத்துக்கொண்டு வேலைக்கு நடுவே வாயில் போட்டு மெல்லுகிறாள். கர்ப்பிணிகளுக்கு இப்படி ஆசை வரும். ஆனால் பச்சரிசி தின்றால் ரத்தம் சுண்டும் என்பார்கள். அவள் நல்லதுக்குத்தான் டப்பாவை மேல் பலகையில் தூக்கி வைத்தேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

இனியாவின் எடை இருநூறு கிராம் கூடியிருக்கிறது. நான் அன்று அதட்டியதன் பலன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

கோகிலா மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளும்போது உட்கார்ந்துவிட்டாள். கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததாம். "கொஞ்ச நேரம் படுத்துக்கோ" என்று சொன்னேன். படுத்தாள். மீதி சாணியை நானே அள்ளினேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆடி போய் ஆவணி பிறந்ததால், இன்று குழு சார்பில் ஆறு கர்ப்பிணிகளுக்கும் சேர்த்துப் பால்வாடியில் வளைகாப்பு. கோகிலாவுக்கு இது ஏழாம் மாதம். அம்மா வீட்டிலிருந்து வந்து செய்ய ஆள் இல்லாதவள் அவள் ஒருத்திதான். நானே அவள் கையில் வளையல் போட்டேன். கையில் சதையே இல்லை. வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. கூட நின்ற எங்கள் பக்கத்து வீட்டு ராஜகுமாரி, அவளும் குழுவில் இருப்பவள்தான், "சின்ன அளவு வாங்கியிருக்கலாம்ல அக்கா" என்றாள். அது சின்ன அளவுதான்.

அப்புறம் சாப்பாடு. எலுமிச்சம்பழச் சாதம், புளிச்சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம், சர்க்கரைப் பொங்கல், கூட முட்டை, முருங்கைக்கீரைப் பொரியல். ஆறு பேரையும் வரிசையாக உட்காரவைத்து இலை போட்டோம். மற்ற ஐந்து பேரும் கொஞ்சம் சாப்பிட்டு, "போதும் அத்தை", "போதும் சித்தி" என்று இலையை மூடினார்கள். கோகிலா சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் மெதுவாகத்தான் சாப்பிட்டாள். பிறகு தலையை நிமிராமல், வாயில் இருப்பதை விழுங்குவதற்குள் அடுத்த பிடியை உருட்டிக்கொண்டு, ஒரு கையால் இலையோரத்தைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். யாராவது இலையை எடுத்துவிடுவார்கள் என்பதுபோல.

பேச்சு நின்றுபோயிற்று. பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அவளும் கடைசியில் நிமிர்ந்து பார்த்தாள். சாப்பிடுவது அவள் ஒருத்திதான் என்று தெரிந்ததும் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். வாயில் சோறு இருந்தது. மெல்லவில்லை.

காவேரிதான் போனாள். தேங்காய்ச் சாதப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் குந்தி, இரண்டு கரண்டி வைத்தாள். "மெதுவாச் சாப்பிடு கண்ணு. இன்னும் இருக்குது" என்றாள்.

நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் வெளியே போனேன். குடம் நிறைந்துதான் இருந்தது.

ஆகஸ்ட் 25, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 28, திங்கள்

சகாயமேரி சிஸ்டர் ஆறு கர்ப்பிணிகளுக்கும் ரத்தம் பார்த்தார். பதினொன்று இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஒன்பது, பத்து என்று வந்தது. கோகிலாவின் விரலில் ஊசி குத்தியதும் ரத்தமே வரவில்லை, பிதுக்கிப் பிதுக்கி எடுத்தார். மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"ஆறு புள்ளி நாலு."

சிஸ்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "என்னாக்கா இது? மாவு வாங்கறீங்க, முட்டை வாங்கறீங்க, மாத்திரை வாங்கறீங்க. எங்க போகுது எல்லாம்?"

பெண்கள் சுற்றி நின்றார்கள். நான் சொன்னேன்: "குடுக்கத்தான் செய்யறேன் சிஸ்டர். அவ சாப்பிட மாட்டேங்கறா. குமட்டுதுன்னு அப்படியே வெச்சிடறா. நான் என்னா பண்ணட்டும்?"

நாலு நாளைக்கு முன்னால் அவள் சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். என் வாய் அதைச் சொல்லிவிட்டது.

சிஸ்டர் கோகிலாவிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

அவள் விரலில் இருந்த பஞ்சை அழுத்திக்கொண்டே, "ஆமா சிஸ்டர். அத்தை குடுப்பாங்க. எனக்குத்தான் எறங்கல" என்றாள்.

என்னை யாராவது கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 30, புதன்

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாத்திரை இனிப் போதாது, ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். தாமதித்தால் பிரசவத்தில் தாய்க்கே ஆபத்தாகலாமாம். பதிலுக்கு வீட்டு ஆள் யாராவது ரத்தம் கொடுத்தால் நல்லது என்றதும், நான் முந்திக்கொண்டு போனேன். அதையாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. ரத்த வங்கிப் பெண் என் விரலைக் குத்திப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

"உங்களுக்கே எட்டரைதாம்மா இருக்கு. உங்ககிட்ட எடுக்க முடியாது. நீங்களே டாக்டரைப் பாருங்க."

ஊருக்கெல்லாம் பச்சை, மஞ்சள், சிவப்பு பார்த்தவள் நான். முனிராஜ் ஓசூரிலிருந்து வந்து கொடுத்தான். அவனுக்குப் பதினைந்து இருந்தது.

ஆகஸ்ட் 31, வியாழன்

காலையில் வார்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பை ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரி குளிக்கப் போயிருந்தாள். கேட்டேன்.

"அன்னிக்கு சிஸ்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னே?"

கோகிலா டியூபையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளதைச் சொல்லியிருக்கலாமில்ல? எம்மேல கோவமில்லையா?"

"வேற எங்க போறது அத்தை?" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். குத்திக்காட்டவில்லை, அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் கேட்டாள். என் மேல் இருக்கிற பாசத்தால்தான் பொய் சொன்னாள் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்துக் கொஞ்சம் அழுதும் இருந்தேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். முனிராஜ் மேல் பலகையில் அரிசி டப்பாவைப் பார்த்தான். "இது ஏம்மா அங்க இருக்குது?" என்று கேட்டான். நான் சொல்வதற்குள் கோகிலா, "எலி வருதுன்னு" என்றாள்.

"எலி இல்லடா" என்றேன். சொன்னேன், எல்லாவற்றையும். அவனுக்குக் கட்டிக்கொடுத்த மாவையும் முட்டையையும் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனான். சாயங்காலம் வந்து, "நானும் வாரா வாரம் வந்து அவ முன்னாடிதான் தின்னுட்டுப் போயிருக்கேன். நானும் கேக்கல" என்றான். அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவே இல்லை.

ஜூலையில் எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். 'அவள் நல்லதுக்குத்தான்' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. கோபம் எப்போதோ போய்விட்டது என்றும் இருக்கிறது. பக்கங்களைக் கிழித்துவிடலாம் என்று விளிம்பைப் பிடித்தேன். கிழிக்கவில்லை.

செப்டம்பர் 14, வியாழன்

இப்போது முதலில் அவளுக்குத்தான் போடுகிறேன். நான் எதிரில் இருந்தால் ஒரு பிடியோடு கையைக் கழுவிவிடுகிறாள். நான் வெளியே போய் மாட்டுக்குப் புல் போட்டுவிட்டு வந்தால் தட்டு காலியாக இருக்கிறது, கழுவிக் கவிழ்த்தும் இருக்கிறது. அதனால் இப்போது நான் தினமும் மூன்று வேளையும் வெளியே போகிறேன். மாட்டுக்கு நல்ல காலம்.

குழுக் கூட்டத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 29, வெள்ளி

ரத்தம் ஒன்பது புள்ளி இரண்டு. பிள்ளையின் வளர்ச்சிதான் மாதத்துக்குத் தகுந்தபடி இல்லையாம். ஐந்து, ஆறு மாதங்களில் போயிருக்க வேண்டியது இப்போது போய்ச் சேருமா என்று டாக்டரைக் கேட்டேன். "இனிமே நல்லாப் பார்த்துக்குங்க" என்றார். அது பதிலில்லை என்று எனக்கும் அவருக்கும் தெரியும்.

அக்டோபர் 11, புதன்

முன்கூட்டியே வலி வந்துவிட்டது. காலை ஒன்பதரைக்குப் பெண் குழந்தை. தாய் நலம். ஒரு கிலோ எழுநூறு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 13, வெள்ளி

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தொடை என் கட்டைவிரல் தடிமன்தான்.

என் முதல் பிள்ளையும் இப்படித்தான் இருந்தது. பையன். அப்போது எடை பார்க்கிறவர்கள் யாரும் இல்லை. அந்தப் பதினோரு நாளும் என் மாமியார், "உனக்கு வயிறு சரியில்லை, அதான் புள்ளை இப்படி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அதை நம்பினேன். எனக்கு அப்போது தினம் பசித்தது என்பதே மறந்துபோயிருந்தது. கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. இது தெரிந்தவள்தானே நான். தெரிந்தும் செய்தேனா, தெரிந்ததால் செய்தேனா? நான் பட்டால் இவளும் படட்டும் என்று எனக்குள் எங்கேயோ இருந்ததா? இல்லை என்று எழுத வருகிறது. எழுத மாட்டேன்.

அக்டோபர் 26, வியாழன்

பிள்ளை பால் இழுத்துக் குடிக்கிறது. ஒரு கிலோ தொள்ளாயிரம். தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைக்கச் சொல்கிறார்கள். கோகிலாவுக்குக் கை வலித்தால் வீட்டில் வேறு பெண்களும் வைத்துக்கொள்ளலாமாம். நர்ஸ் என்னைக் காட்டி, "பாட்டிகிட்ட குடும்மா" என்றாள். கோகிலா, "வேணாம் சிஸ்டர், எனக்கு வலிக்கல" என்றாள். பிள்ளையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

நான் டீ வாங்கப் போனேன்.

நவம்பர் 9, வியாழன்

பிள்ளை வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. இரண்டு கிலோ இருநூறு.

இன்று வட்டாரத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். நன்றாகச் செய்கிற குழுக்களைப் பற்றி எழுதப்போகிறார்களாம், எங்கள் குழுவின் பெயரும் அதில் இருக்கிறதாம். இரண்டு மாதம் கழித்து இன்றுதான் கூட்டத்துக்குப் போனேன். சிவப்பில் இருந்த ஒரே பிள்ளை மஞ்சளுக்கு வந்திருக்கிறது என்று ராஜகுமாரி சொன்னாள். மேடம் குறித்துக்கொண்டார். "ஊக்குநர் நீங்கதானே? உங்க வீட்டுலயும் ஒரு கர்ப்பிணி இருந்தாங்களாமே. வீட்டுல என்னென்ன மாத்தினீங்க, சொல்லுங்க" என்றார்.

எழுந்து நின்றேன். பேச வருவது எனக்குப் புதிதல்ல.

"நான் எம் மருமகளுக்குச் சோறு போடல மேடம்" என்றேன்.

அவர் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. அவளுக்குக் கொடுத்த மாவை மகனுக்குக் கட்டியதையும், அரிசி டப்பாவை எட்டாத இடத்தில் வைத்ததையும், சிஸ்டரிடம் பொய் சொன்னதையும், அந்தப் பொய்யை அவளையே தாங்க வைத்ததையும் சொன்னேன். அவள் எங்கள் ஆட்கள் இல்லை என்பது என் வயிற்றுக்குள் கிடந்தது என்றும் சொன்னேன்.

மேடம் நோட்டை மூடினார். "சரிம்மா, இதை எழுத வேணாம். வேற யாராச்சும் நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன்" என்றார்.

அதுகூடப் பரவாயில்லை. என் வயசுப் பெண்கள்தான் என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்தார்கள். "விடு மாதேவி, எந்த வீட்டுல இல்லாதது?" என்றாள் ஒருத்தி. "எங்க வீட்டுலயும் மருமகதான் கடைசியா சாப்பிடுவா. அதுக்குன்னு செத்தா போயிட்டா?" என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். ஜூன் மாதத்தில் என் பேச்சுக்குத் தலையாட்டியவர்கள் இவர்கள்தான். அவர்களுக்குப் பின்னால் மருமகள்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

காவேரி எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

"அன்னிக்கு எம்புள்ளையத் தூக்கி எல்லாருக்கும் காட்டுனீங்க அக்கா. நான் விடியறதுக்கு முன்ன சூளைக்குப் போயி பொழுது சாயத்தான் வர்றேன். அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கேட்டீங்க. இன்னிக்கு உங்க வாயால எல்லாத்தையும் சொல்லிட்டீங்க. அதுக்காக அன்னிக்குக் கேட்டது இல்லன்னு ஆயிடாது."

"ஆகாது" என்றேன். "தப்புதான் காவேரி."

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "மாவை வீட்டுக்குக் குடுத்தா யார் திங்கறாங்கன்னு தராசுக்குத் தெரியாது. கர்ப்பிணிங்க, புள்ளை பெத்தவங்க எல்லாம் மத்தியானம் இங்கயே வந்து சாப்பிடட்டும். வீட்டுக்கொரு சாமான் குடுங்க, முறை போட்டு ஆக்குவோம். எல்லார் கண்ணு முன்னாடியும் சாப்பிடட்டும். எம்புள்ளையும் இங்கயே சாப்பிடும்."

பின்வரிசையில் இருந்து ஒரு மருமகள், நிறைமாதக்காரி, "நான் வரேன்" என்றாள். அவள் மாமியார் திரும்பிப் பார்த்தாள். மருமகள் மறுபடியும், "வரேன்க்கா" என்றாள்.

ஊக்குநர் பொறுப்பைக் காவேரியிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் நேரமில்லை என்றாள். ராஜகுமாரி எடுத்துக்கொண்டாள். நாடாவை எடுத்துக் கொடுக்கும்போது யாரும் தடுக்கவில்லை. தடுப்பார்கள் என்று கொஞ்சம் நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

நவம்பர் 16, வியாழன்

பால்வாடியில் முதல் சாப்பாடு. ஒன்பது பேர் வந்தார்கள். என் முறை சமையல். சாமைச் சோறு, முருங்கைக்கீரைச் சாம்பார், முட்டை. இரண்டு மாமியார்கள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி உள்ளே வந்து, தன் மருமகள் தட்டைப் பார்த்து, "இவ்வளவு திம்பாளா!" என்றாள். "திம்பா. நீங்களும் உக்காருங்க" என்றேன். உட்காரவில்லை. ஆனால் திட்டிக்கொண்டும் போகவில்லை.

கோகிலா பிள்ளையோடு வந்து மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் அடுப்புப் பக்கமே இருந்துகொண்டேன்.

நவம்பர் 26, ஞாயிறு

தை பிறந்ததும் ஓசூரில் வீடு பார்த்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போகப்போவதாக முனிராஜ் சொன்னான். "அவளும் சரின்னுட்டாம்மா" என்றான். "சரிப்பா" என்றேன். அதைத் தவிர வேறு சொல்ல எனக்கு உரிமை இல்லை. பிள்ளைக்கு யாழினி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்கவில்லை. நல்ல பெயர்தான்.

டிசம்பர் 6, புதன்

காலையில் ஒன்பது மணிக்கு இட்லி ஊற்றினேன். வழக்கம்போல அவளுக்குப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். பதினொரு மணி இருக்கும், பால்வாடிச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருந்தது. தொட்டிப் பக்கம் பிள்ளைத்துணி அலசிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ராஜகுமாரி துணி காயப்போட்டபடி என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே யாழினி பால் குடித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"அத்தை" என்று கூப்பிட்டாள் கோகிலா.

என்னமோ என்று ஈரக்கையோடு போய் நின்றேன். மடியில் பிள்ளை. அவள் என்னை நேராகப் பார்த்தாள். என்னை அப்படி அவள் பார்த்ததில்லை.

"பசிக்குது" என்றாள்.

ராஜகுமாரிக்கும் கேட்டிருக்கும், அவ்வளவு சத்தமாகச் சொன்னாள். கெஞ்சலாகச் சொல்லவில்லை. பிரியமாகவும் சொல்லவில்லை. ஒன்றரை வருஷத்தில் இந்த வீட்டில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல் தடவை. என் மாமியார் இருந்தவரை நானும் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

"இப்பத்தான் உலை வெக்கணும். நேரமாகுமே" என்றேன்.

"அப்போ சீக்கிரம் வைங்க" என்றாள்.

தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன். இரண்டு பேருக்குப் போடுகிற அரிசியை எடுத்தேன். பிறகு இன்னும் ஒரு படி எடுத்துக் கொட்டினேன்.